மிஷின நிறுத்தும்மா

"உங்க வீட்ல ஒரு பாட்டு இருக்கறதா எங்களுக்குத் தகவல் வந்திருக்கு."

கதவைத் திறந்த தையல்காரி, உதட்டில் கவ்வியிருந்த குண்டூசியை எடுத்துக் கழுத்துப்பட்டையில் குத்திக்கொண்டாள். வாசலில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் ஒல்லி, கழுத்தில் அட்டை தொங்கியது. இன்னொருவர் பருமன், இரண்டு காதிலும் பஞ்சு அடைத்திருந்தார்.

"பாட்டா? இங்க இப்போ யாரும் பாடறதில்லீங்களே."

"பாடறதை யாரும்மா கேட்டாங்க? பாடினது காத்தோட போயிடும். வச்சிருக்கறதுதான் குத்தம்."

"நீங்க யாரு?"

"பாடல் உரிமைக் காப்பு வாரியம். நான் கேட்பு அலுவலர். இவர் கேளா அலுவலர்."

"கேளா அலுவலரா?"

"திருட்டுப் பாட்டை வாரியம் கேக்கலைன்னு நாளைக்குச் சாட்சி சொல்ல ஒரு ஆள் வேணுமில்ல? அதுக்குத்தான் இவர். வேலைல சேந்த நாள்லேருந்து ஒரு பாட்டு காதுல விழுந்ததில்ல. கூடிய சீக்கிரம் பதவி உயர்வு வந்துடும்."

தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று ஊகித்துக்கொண்டு கேளா அலுவலர் அடக்கமாகச் சிரித்தார்.

"ஒரே ஒரு கேள்விதாம்மா. வீட்ல மிஷின் இருக்கா?"

"இருக்கு."

"என்ன மிஷின்?"

"தையல் மிஷின். அதோ ஜன்னலோரமா."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கேட்பு அலுவலர் கதவு நிலையில் சாய்ந்தே விட்டார். அவர் பட்ட பாடு அப்படி. ஊரெல்லாம் பரவியிருந்த அந்தத் திருட்டுப் பாட்டின் நடுவில், "அம்மா, மிஷின நிறுத்தும்மா" என்று ஒரு பெண்குரல் சொல்கிறது. எந்த அம்மா, என்ன மிஷின் என்று கண்டுபிடிக்க வாரியம் இரண்டு நிபுணர் குழுக்களை அமைத்திருந்தது. 'மிஷின்' குழு முதலில் மாவு மிஷின்காரரைப் பிடித்துக்கொண்டு போனது. "உம்ம யாராவது அம்மான்னு கூப்பிடறதுண்டா?" என்று கேட்டதற்கு, "எனக்கு மீசை இருக்குதுங்களே" என்றார் அவர். மீசை பிற்பாடு வளர்த்ததா என்று விசாரித்துவிட்டு அனுப்பினார்கள். அப்புறம் துணி துவைக்கும் மிஷின் வைத்திருந்த ஒரு டாக்டரம்மா, பேருந்து நிலையத்தில் எடை பார்க்கும் மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்மணி. தையல் மிஷின் என்று ஒன்று உலகத்தில் இருப்பது குழுவின் ஞாபகத்துக்கு வருவதற்குள் மழைக்காலமே முடிந்துவிட்டது.

"அப்ப அந்த அம்மா நீங்கதான்."

"நான் அம்மாதான். அதோ என் பொண்ணு."

உள்ளே மேஜையருகே பித்தானுக்குத் துளை தைத்துக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்து பார்த்தாள். கழுத்தில் குறுக்காக ஒரு தழும்பு.

சங்கதி இதுதான். மகள் சினிமாப் பாட்டுகளுக்கு ட்ராக் பாடுகிறவளாக இருந்தாள். பெரிய பாடகிகளுக்கு உட்கார்ந்து மெட்டுப் படிக்க நேரமிருக்காது. அதனால் பாட்டை முதலில் இவளைப் போல ஒருத்தி முழுசாகப் பாடிக் கொடுக்க வேண்டும். பெரிய பாடகி காரில் வரும்போதே அதைக் கேட்டுக்கொண்டு வந்து, மூச்சு எங்கே விடுவது, குரல் எங்கே குழைவது என்பது வரைக்கும் அப்படியே பாடிவிட்டுப் போவார். அன்றைக்கே ட்ராக் குரலை அழித்துவிடுவார்கள். மகளுக்கு இதில் மனக்குறை ஒன்றும் இருந்ததில்லை. "நீ முதல்ல கையால ஒரு ஓட்டு ஓட்டுவியேம்மா, மிஷின் தையல் விழுந்ததும் பிரிச்சு எறிவியே, அந்த நூல்தான் நான்" என்பாள்.

அவள் கடைசியாகப் பாடியது, மழையை நிற்கச் சொல்லிக் கெஞ்சுகிற ஒரு பாட்டு. எதிரொலி வராமலிருக்கத் துணி அலமாரிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு வீட்டிலேயே பாடினாள். தன் ஃபோனில் இடமில்லை என்று அம்மாவின் ஃபோனில் பதிந்தாள். பாதியில் அம்மா மிதியை மிதிக்க, மிஷின் தடதடத்தது. பதிவை நிறுத்தாமலே, "அம்மா, மிஷின நிறுத்தும்மா" என்றாள். விட்ட அடியை மறுபடி எடுத்து முடித்தாள். பிறகு சுத்தமாக இன்னொரு தடவை பாடி அனுப்பிவிட்டாள். கெட்டுப்போன முதல் தடவை அம்மாவின் ஃபோனிலேயே கிடந்தது.

அதற்கப்புறம் கழுத்துக் கட்டியை அறுத்தெடுத்தார்கள். கட்டி போயிற்று, கூடவே குரலும். இப்போது வாயைத் திறந்தால் காற்று மட்டும்தான் வரும். அம்மா கவனிக்க வேண்டுமென்றால் மேஜையை இரண்டு தட்டு.

அம்மாவின் அக்கா ஃபோனில் குடும்பக் குழுவில் விசாரித்தாள்: 'பாப்பாவுக்குக் குரல் வந்துடுச்சா?' 'இல்லை' என்று எழுதத் தையல்காரிக்கு விரல் எழவில்லை. ஃபோனில் கிடந்த பாட்டை எடுத்து அனுப்பிவிட்டாள். குரல் திரும்பிவிட்டது என்று அக்கா ஆனந்தப்பட்டுத் தன் சம்பந்தி வீட்டுக்கு அனுப்பினாள். சம்பந்தி வீட்டார் சும்மா இருக்கிற ஜாதி இல்லை. படமே வெளிவராத அந்தப் பாட்டு ஊரைச் சுற்றிவிட்டது. 'மழையே நில்' என்ற அடிக்கு அடுத்தாற்போல வருகிற 'மிஷின நிறுத்தும்மா'வும் பாட்டின் வரிதான் என்று ஜனங்கள் நினைத்தார்கள். இயந்திர யுகத்துக்கு எதிரான தாய்மையின் ஓலம் என்று ஒரு விமர்சகர் எழுதினார். அப்புறம் கைமாறிப் போன நகலையெல்லாம் வாரியம் ஒரே இரவில் அழித்துவிட்டது, அக்காவிடம்கூட மிச்சமில்லை.

"எங்கம்மா அந்த ஃபோன்?"

தையல்காரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நீட்டினாள். "அழிச்சுடாதீங்க சார். அவ குரல்னு எங்களுக்கு இருக்கறது அது ஒண்ணுதான்."

"அவங்க குரலா? இவங்கதானே அவங்க? ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்க பாப்போம்."

"பேச முடியாது சார்."

"பேச முடியாதவங்களுக்கு எப்படிம்மா குரல் இருக்கும்? யோசிச்சுப் பேசுங்க."

பையிலிருந்து வாரிய முத்திரையிட்ட பட்டையை எடுத்து, ஃபோனில் ஒலி வரும் ஓட்டையின்மேல் ஒட்டினார். விசாரணைவரைக்கும் ஃபோன் அவளிடமே இருக்கலாம். வாயைத் திறக்கக் கூடாது, அவ்வளவுதான்.

மகள் மேஜையை இரண்டு தட்டுத் தட்டினாள். உதடு அசைந்தது.

"என்ன சொல்றாங்க?"

"இது நம்ம வீட்டுக்கு ரெண்டாவது ஆபரேஷன்கறா சார்."

விசாரணை மண்டபத்தில் சுவரெல்லாம் பஞ்சு மெத்தை. கதவுக்கும் மெத்தை. நடந்தால் காலடி கேட்காது. இருமினால் இருமியவருக்கே சந்தேகம் வரும். மேடையில் தலைவரும் உறுப்பினர்களும். தலைவர் இதற்கு முன் மீன்வளத் துறையில் இருந்தவர். பாட்டைப் பற்றி அவருக்கு ஒன்றுமே தெரியாது என்பதைத்தான் அவருடைய நடுநிலைக்குச் சான்றாக எல்லோரும் சொன்னார்கள். எதிர்ப்பக்கம் பெரிய பாடகியின் வக்கீல். பெரிய பாடகி வரவில்லை. அவருடைய தொண்டை ஓய்விலிருந்தது.

"ஆதாரத்தை ஒலிபரப்புங்க."

ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். விளக்கு எரிந்தது. உறுப்பினர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஒருவர் தொடையில் தாளம் போட்டார். இன்னொருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தையல்காரி காதைத் தீட்டிக்கொண்டு பார்த்தாள், ஒன்றும் விழவில்லை.

"சார், சத்தமே வரலீங்களே."

"உஸ்! மௌனக் கேட்பும்மா இது. சத்தமா வச்சா, உரிமையில்லாத பாட்டைக் கேட்ட குத்தம் எங்க மேலயே வந்துடும்."

"கேக்காம எப்படிங்க தெரியும், என்ன பாட்டுன்னு?"

"கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணும்னா விசாரணை எதுக்கு?"

பெட்டியின் விளக்கு அணைந்தது. உருக்கமான பாட்டு என்று தலைவர் பதியச் சொன்னார்.

அடுத்தது குரல் ஒப்பீடு. மகளை ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் நிற்க வைத்தார்கள். "அதே வரியைச் சொல்லுங்க" என்றார் ஒப்பீட்டாளர். மகள் அம்மாவைப் பார்த்தாள். பிறகு ஒலிவாங்கியிடம் குனிந்து, வாயசைத்தாள். திரையில் ஒரு கோடு ஓடியது. மேடு இல்லை, பள்ளம் இல்லை.

"காத்து மட்டும் பதிவாகியிருக்குங்க ஐயா. பாட்டுல இருக்கற குரலோட பொருந்தல."

"அவங்க குரல் இல்லைன்னு ஆகுது" என்றார் தலைவர்.

"சார், அவ குரல்தான் சார். ஆபரேஷனுக்கு முந்தி..."

"முந்தியெல்லாம் வேண்டாம்மா. இப்ப இருக்கா இல்லையா? இல்ல. இல்லாத பொருளுக்கு உரிமை கொண்டாட முடியாது."

வக்கீல் எழுந்தார். "ஐயா, அந்தம்மாகிட்ட ஒரு கேள்வி. எங்க கட்சிக்காரங்க பாடினதும், உங்க ஃபோன்ல இருக்கறதும் ஒரே மாதிரி இருக்குமா?"

"இருக்காம? இவ பாடினதைக் கேட்டுத்தானே அவங்க பாடினாங்க. மூச்சுகூட இவ விட்ட இடத்துலதான் விடுவாங்க."

"ஒரே மாதிரி இருக்குன்னு ஒத்துக்கறாங்க. அவ்வளவுதாங்க ஐயா."

"அட, நான் சொல்றது அது இல்லீங்க! இதுதான் முதல்ல. இது அசல், அது..." தையல்காரி, எந்த இடத்தில் மூச்சு என்று காட்ட, மெதுவாக அந்த அடியை முனகிக் காட்டினாள்.

மண்டபம் விறைத்துப் போயிற்று. உறுப்பினர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். கேளா அலுவலர் மட்டும் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்.

"எழுதிக்குங்க. விசாரணையின்போதே இன்னொரு நகல். தொண்டை வழியா."

தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். பேசுவதற்கு முன் அவர் அப்படித்தான் கழற்றுவார். கழற்றினால் எதிரே இருப்பவர் முகம் தெரியாது, பேச வசதி.

"அம்மா, உங்க மேல எனக்குக் கோபம் இல்ல. உங்களுக்கு விஷயம் தெரியல. அசல்னா முதல்ல வந்ததுன்னு நினைச்சுக்கிட்டிருக்கீங்க. படிக்காதவங்க எல்லாருமே அப்படித்தான் நினைக்கறாங்க. அசல்ங்கறது உரிமை உள்ளது. நகல்ங்கறது உரிமை இல்லாதது. எது முன்னே எது பின்னேங்கறது கடிகாரக்காரன் பிரச்சினை. உங்க பொண்ணு, அசல் பாடப்படறதுக்கு முன்னாலயே அதைக் காப்பியடிச்சிருக்கு. எவ்வளவு பெரிய திட்டம் பாருங்க. வந்த பொருளைத் திருடறவனை நான் பாத்திருக்கேன். வராத பொருளைத் திருடினவங்களை இன்னிக்குத்தான் பாக்கறேன். நான் மீன்வளத்துல இருந்தப்ப ஒருத்தன் வந்தான். 'நான் பிடிச்ச மீன், என்னுது'ன்னான். நான் ஒண்ணுதான் கேட்டேன்: படகு யாருது? அழுதுட்டான். இங்கயும் அதே கேள்விதான். குரல் யாருதா வேணா இருக்கட்டும்மா. படகு யாருது?"

உறுப்பினர்கள் மெத்தைச் சுவர் அதிராதபடி விரலால் கை தட்டினார்கள்.

அப்போதுதான் அது நடந்தது. யாருடைய சட்டைப்பையிலிருந்தோ, மழையே நில் என்று ஒரு குரல் எழும்பியது. மெத்தை வைத்த அந்த மண்டபத்தில் வேறு சத்தமே இல்லாததால், ஆள் பக்கத்தில் வந்து நிற்கிறாற்போல இருந்தது. ஈரமான, கொஞ்சம் அவசரமான, இருபத்திச் சொச்சம் வயசுக் குரல்.

தையல்காரி எழுந்துவிட்டாள். மகளின் கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று.

'அம்மா, மிஷின நிறு...'

தலைவர் தட்டுத்தடுமாறித் தன் ஃபோனின் வாயை அடைத்தார்.

"அதான் சார்! அதே குரல்தான்! இன்னொரு தடவை வைங்க சார், ஒரே ஒரு தடவை..."

"உக்காருங்கம்மா. இது ஆதார நகல். அதிகாரபூர்வமானது. எந்த நேரமும் கூடவே இருக்கணும்னு அழைப்பு மணியா வச்சிருக்கேன்." மற்ற உறுப்பினர்களைப் பார்த்தார். "எல்லாரும் வச்சிருக்கோம்."

எல்லோரும் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

தீர்ப்பு அழிப்புதான். அழிப்பதற்கு ஒரு சடங்கு இருந்தது. என்ன அழிக்கப்பட்டது என்று பிற்காலத்துக்குத் தெரிய வேண்டாமா? அதற்காக முதலில் ஃபோனிலிருந்து ஒலி கெடாமல் புதிதாக நகல் எடுத்தார்கள். தலைவருக்கு ஒன்று, உறுப்பினர்களுக்கு ஆளுக்கொன்று, வக்கீலுக்கு ஒன்று, காப்பகத்துக்கு ஒன்று, காப்பகம் எரிந்துபோனால் இருக்கட்டுமென்று ஒன்று, புதிதாகச் சேரும் அலுவலர்களுக்குத் திருட்டுப் பாட்டு எப்படியிருக்கும் என்று பாடம் நடத்த ஒரு கட்டு.

"அதுல ஒண்ணு எனக்குக் கொடுங்களேன் சார். யாருக்கும் அனுப்ப மாட்டேன். பெட்டில வச்சுப் பூட்டிக்கறேன்."

"அதெப்படிம்மா? இங்க இருந்தா ஆதாரம். உங்ககிட்ட இருந்தாத்தான் நகல்."

பட்டையைக் கிழித்தார்கள். தையல்காரியின் விரலையே பிடித்து அழுத்த வைத்தார்கள். தன் கையால் அழித்தாள் என்று இருக்க வேண்டுமாம். 'நிச்சயமாகவா?' என்று ஃபோன் கேட்டது. அந்தக் கட்டடத்தில் அவளிடம் அப்படிக் கேட்டது அது ஒன்றுதான்.

"இனிமே முனகக் கூடாது. சீட்டி அடிக்கக் கூடாது. புரிஞ்சுதா?"

"மனசுக்குள்ள நினைச்சுக்கலாமா சார்?"

உறுப்பினர்கள் தலையோடு தலை வைத்துப் பேசினார்கள்.

"இப்போதைக்குத் தடை இல்ல. விதி தயாராகிட்டிருக்கு."

திரும்பும்போது பேருந்தில் இரண்டு பேரும் பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். அம்மா ஃபோனை மடியில் கவிழ்த்து வைத்திருந்தாள். ஊர் பாதி கடந்த பிறகு மகள் அவள் தொடையில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"என்னடி?"

'விடும்மா.' காற்றாகத்தான் வந்தது. அம்மா உதட்டைப் படித்தாள்.

"உனக்கென்ன, சொல்லிட்டே. நீதான் அதைக் கேக்கறதே இல்லையே. வச்சா மூஞ்சியைத் திருப்பிக்குவேன்னுதான் உன் முன்னால நான் அதை எடுக்கறதே இல்ல."

மகள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். பிறகு திரும்பினாள். 'தினம் கேட்டேன்.'

"பொய். எப்போ?"

'நீ குளிக்கப் போகும்போது.'

அம்மா மடியிலிருந்த ஃபோனை நிமிர்த்தி வைத்தாள்.

"நானும்தாண்டி. நீ குளிக்கப் போகும்போது."

'அதான் நான் எவ்வளவு நேரம் உள்ள இருந்தாலும் கதவைத் தட்ட மாட்டியா?'

"நீ மட்டும் என்ன, 'நல்லா தேச்சுக் குளிம்மா'ன்னு கையைக் காட்டி அனுப்புவியே!"

மகளின் தோள் குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று சத்தத்தை வைத்துச் சொல்ல இப்போது வழியில்லை. முகத்தைப் பார்த்துச் சொல்லலாம், அம்மா பார்க்கவில்லை. நடத்துனர் வந்து, "இறங்கற இடம் வருதும்மா" என்று சொன்ன பிறகுதான் இருவரும் எழுந்தார்கள்.

அடுத்து வீட்டுக்கு ஒலிப்பதிவாளர் வந்தார். மகளை வைத்து எத்தனையோ ட்ராக் பதிந்தவர். நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, குடித்து முடித்த தண்ணீர் டம்ளரைக் கீழே வைக்காமல் உருட்டிக்கொண்டிருந்தார்.

"பாட்டு வெளிவரப் போகுதுக்கா."

"வரட்டும்."

"ஒரு சிக்கல். முன்னோட்டமா கொஞ்சம் விட்டுப் பாத்தாங்க. ஜனங்களுக்கு அந்த வரி இல்லாத பாட்டு பிடிக்கல. 'மிஷின நிறுத்தும்மா எங்கே?'ன்னு கேக்கறாங்க. அதனால அதையும் சேத்தே பாடிடலாம்னு கம்பெனி முடிவு பண்ணிடுச்சு."

"எதை?"

"அந்த வரியை. பெரிய பாடகியம்மா பாடறாங்க. பாடறாங்க, பாடறாங்க, வரமாட்டேங்குது. கெஞ்சற மாதிரி சொல்றாங்க, ராகமாச் சொல்றாங்க, ஒரு தடவை அழுதேகூடச் சொன்னாங்க. எப்பவும் போல பாப்பாவை ஒரு தடவை சொல்லிக் காட்டச் சொல்லி..." சொல்லும்போதே அவர் கண் மகளின் கழுத்துக்குப் போய்விட்டது. டம்ளர் கையிலேயே நின்றது. "மன்னிச்சுக்கோ பாப்பா. பழக்க தோஷம்."

மகள் பித்தான் துளையைக் கத்தரித்தாள்.

"நீங்களாவது சொல்லிக் காட்டுங்கக்கா. அந்த எரிச்சல் எப்படி வந்துது?"

"எனக்கு எப்படி வரும்? அது என்னைப் பாத்துச் சொன்னது. நான் கேட்டவ."

"சரிக்கா, போகட்டும். மிஷின் சத்தமாவது எடுத்துக்கறேன். பின்னால அது ஓடணுமாம்."

"வாரியத்துக் காப்பகத்துலேருந்து ஒரு நகல் வாங்கித் தருவியா? உனக்குத் தெரிஞ்சவங்க இருப்பாங்களே."

"கேட்டுப் பாக்கறேன்கா." கேட்க மாட்டார் என்று மூன்று பேருக்குமே தெரிந்தது. "எங்கிட்டயே இருந்திருக்கணும். அன்னன்னிக்கே அழிச்சுடறதுதானே வழக்கம். நானே எத்தனை அழிச்சிருக்கேன்! பாப்பா பாடினது மட்டும் ஒரு மலை இருக்கும்."

பிறகு ஒலிவாங்கியை மிஷினுக்கடியில் வைத்தார். தையல்காரி, மருத்துவமனைக்குத் தைத்துக் கொடுக்கிற தலையணை உறைகளில் ஒன்றை எடுத்து ஓரம் அடித்தாள். அவர் எடுத்துக்கொண்டு போனார்.

பாட்டு வெளிவந்தது. கடைத்தெருவில், பேருந்தில், அடுத்த வீட்டுக் குழந்தையைத் தூங்க வைக்க, எங்கும் அதுதான். பெரிய பாடகிக்குப் பரிசு கொடுத்தார்கள். அந்த ஒரு வரியில் ஒரு யுகத்தின் களைப்பையே கொண்டுவந்துவிட்டார் என்றார் அதே விமர்சகர். "அந்த வரி எங்கிருந்து வந்தது?" என்று பேட்டியில் கேட்டதற்கு, "தியானத்தில்" என்றார் பாடகி.

அப்புறம் ஒரு காலையில் மறுபடி கதவு தட்டப்பட்டது. அதே ஒல்லி, அதே பருமன். கேளா அலுவலருக்குப் பதவி உயர்வு வந்திருந்தது. பஞ்சுக்கு மேல் இப்போது வெள்ளி மூடி.

"இன்னும் என்ன சார்? அதான் அழிச்சாச்சே."

"அது முடிஞ்சுதும்மா. இது மிஷின் விஷயம். உங்க மிஷின் சத்தம் இப்ப பாட்டுல ஒரு பாகம். கம்பெனி பேர்ல பதிவாகியிருக்கு. உங்க வீட்லேருந்து அதே சத்தம் வர்றதா அக்கம்பக்கத்துல சொல்றாங்க."

"மிஷின் ஓட்டினா சத்தம் வராதா சார்? ஆஸ்பத்திரி உறையெல்லாம் குவிஞ்சு கிடக்கு."

"ஓட்டுங்க, யார் வேண்டாம்னா? நாங்க தொழிலுக்கு எதிரி இல்ல. அந்தத் தாளத்துல ஓட்டக் கூடாது."

"எந்தத் தாளத்துல?"

"பாட்டுல வர்ற தாளத்துல."

"அது என்ன தாளம்னு கேட்டாத்தானே தெரியும்?"

"கேக்க உங்களுக்குத் தடை இருக்கேம்மா."

"அப்ப நான் எப்படித்தான் சார் ஓட்டறது?"

"வேற மாதிரி. ஓட்டிக் காட்டுங்க, சொல்றேன்."

தையல்காரி மிஷினில் உட்கார்ந்தாள். உறையை ஊசிக்கடியில் விட்டு, சக்கரத்தைக் கையால் ஒரு தள்ளுத் தள்ளி, மிதியை மிதித்தாள். மிஷினுக்கு அவள் கால் தெரியும், அவள் காலுக்கு மிஷின் தெரியும். இத்தனை வருஷத்தில் வேறு மாதிரி என்று இரண்டுமே படித்ததில்லை. எப்போதும் போலத்தான் ஓடியது. கேட்பு அலுவலரின் முகம் இறுகியது. பேனாவை எடுத்தார்.

கீழே கடையில் யாரோ பாட்டு வைத்தார்கள். மழையே நில் என்று பெரிய பாடகியின் குரல் மாடியேறி வந்தது. மேஜையருகே மகளின் ஊசி நின்றது. பின்னாலிருந்து ஒரு மிஷின் சத்தம் பாட்டுக்குள் ஓட, முன்னாலிருந்து இன்னொரு மிஷின் சத்தம் அறைக்குள் ஓட, இரண்டும் ஒன்றாகவே ஓடின.

'அம்மா, மிஷின நிறுத்தும்மா.'

மிதி நின்றது. தையல்காரியின் உள்ளங்கை சக்கரத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. தலை பாதி திரும்பியிருந்தது, துணி அலமாரிப் பக்கம்.

கேட்பு அலுவலர் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் மலர்ந்தது. பேனாவை மூடினார்.

"அடடா! பாட்டே பாத்துக்குதே! ஆள் போட்டுக் காவல் காக்க வேண்டியதே இல்ல."

"என்ன?" என்றார் கேளா அலுவலர்.

"நிறுத்திட்டாங்கன்னேன்!"

"நல்லது" என்றார் கேளா அலுவலர்.

விதிக்கு மனமுவந்து கட்டுப்பட்டதற்காக வாரியத்தின் சார்பில் பாராட்டிவிட்டு இருவரும் படியிறங்கிப் போனார்கள். பாட்டு அதன் பாட்டுக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது.

மேஜையில் இரண்டு தட்டு கேட்டது. அம்மா திரும்பினாள்.

'அது நான் இல்லம்மா.'

"தெரியும்டி" என்றாள் அம்மா. கால் இன்னும் மிதியின்மேல் அசையாமல் இருந்தது. "காலுக்குத்தான் தெரியல."